பார்த்தால் போதுமா, பாதுகாக்க வேண்டாமா?

(செஞ்சியில் விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் திரளாகக் கலந்துகொண்ட திரைப்படக் கூட்டத்தில், படம் காட்டுவதற்கு முன் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்னும் சற்று நேரத்தில் இங்கே ஒரு படம் காட்டப்போகிறோம். திரை கட்டியாகிவிட்டது. ஒலிபெருக்கியையும் சரிபார்த்தாகிவிட்டது. பகலெல்லாம் கடலைக்கொல்லையில் குனிந்து நிமிர்ந்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களை நெடுநேரம் காக்கவைக்கும் உத்தேசம் எனக்கில்லை. ஆனாலும் படத்துக்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

மேஜைமேல் இருக்கும் இந்த டிரங்குப் பெட்டியைப் பார்த்துவிட்டு ஒரு தோழர், "என்ன தோழரே, இந்த வருஷம் உண்டியல் இவ்வளவு பெருசா இருக்கு?" என்று கேட்டார். பயப்பட வேண்டாம், இது உண்டியல் இல்லை. இதற்குள் இருப்பவை படங்கள். வீடியோ கேசட்டுகள் முப்பதுக்கு மேல். தகடுகள் நானூறுக்கு மேல். இருபத்தைந்து வருஷமாக ஒவ்வொன்றாக நான் சேர்த்தவை.

முழுநேர ஊழியனுக்கு இது என்ன வேலை என்று கேட்கிறவர்கள் உண்டு. "கூலிப் பிரச்னை இருக்கிறது, மனைப் பட்டா பிரச்னை இருக்கிறது, நூறு நாள் வேலைச் சம்பளப் பாக்கி இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் இவர் இத்தாலிப் படத்தையும் ஜப்பான் படத்தையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாரே!" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பெட்டியையே மேடைக்குத் தூக்கிவந்தேன்.

ஒரே வருஷத்தில் இரண்டு படங்கள்

நம் ஊர்க் கோட்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் வளைத்துக் கட்டிய இந்தக் கோட்டையை, 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. மராட்டியர் கோட்டைகள் என்று தேர்ந்தெடுத்த 12ல் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். நமக்கெல்லாம் சந்தோஷம். கல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று உலகமே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் அந்தக் கல்லை மலைமேல் ஏற்றியவன் யார், அவன் என்ன கூலி வாங்கினான் என்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

இந்தக் கோட்டைக்காக ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி 1714ல் மாண்ட தேசிங்கு ராஜனின் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதை 1960ல் 'ராஜா தேசிங்கு' என்று படமாக வந்தது. எம்.ஜி.ஆர். நடித்தார், டி.ஆர். ரகுநாத் இயக்கினார். அந்தப் படத்தை இன்றும் பார்க்கலாம். இதோ, இந்தப் பெட்டியிலேயே தகடு இருக்கிறது.

அதே 1960ல் தமிழில் இன்னொரு படமும் வந்தது. 'பாதை தெரியுது பார்' என்று பெயர். இடதுசாரிக் கலைஞர்களும் ஆதரவாளர்களும் கூடி எடுத்த படம். நிமாய் கோஷ் இயக்கினார். வங்காளத்தில் பிரிவினை அகதிகளைப் பற்றி 1950ல் 'சின்னமூல்' எடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர் அவர். கதை ஆர்.கே. கண்ணன். இசை எம்.பி. சீனிவாசன். பாடல்களைப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும், கே.சி.எஸ். அருணாசலமும், ஜெயகாந்தனும் எழுதினார்கள். கே. விஜயன் கதாநாயகன். ராஜா இல்லை, ராணி இல்லை. உழைக்கிற மனிதர்களின் படம். கொட்டகையில் அதிக நாள் ஓடவில்லை.

அந்தப் படத்தின் பாட்டுகள் இன்றும் காதில் விழுகின்றன. இங்கே இருக்கும் பெரியவர்கள் ரேடியோவில் கேட்டிருப்பார்கள். ஆனால் படம்? நான் இருபது வருஷமாகத் தேடுகிறேன். சென்னையில் பழைய படம் சேர்ப்பவர்களிடம் கேட்டேன். கேசட் கடைக்காரர்களிடம் கேட்டேன். பழைய தோழர்கள் வீட்டுப் பரண்களைக்கூட விடவில்லை. கிடைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படத்தின் உரிமை, அது வெளியான வருஷம் கழிந்து 60 வருஷத்துக்குத்தான். அப்புறம் அது பொதுச் சொத்து. ஆகவே 2021 ஜனவரியிலிருந்து 'ராஜா தேசிங்கு' நம் எல்லோருக்கும் சொந்தம். 'பாதை தெரியுது பார்' படமும் நம் எல்லோருக்கும் சொந்தம். பட்டா கைக்கு வந்துவிட்டது தோழர்களே, நிலத்தைத்தான் காணோம்!

ஏன் இப்படி ஆயிற்று? ராஜா படத்துக்குக் கடைசிவரை ஒரு வியாபாரி இருந்தான். அவன் பிரதியை வைத்திருந்தான், டெலிவிஷனுக்கு விற்றான், கேசட் போட்டான், தகடு போட்டான். நம் படத்துக்கு வியாபாரி இல்லை. வியாபாரி இல்லாத பொருளை உடையவன்தானே பத்திரப்படுத்த வேண்டும்? நாம் பாட்டைப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டோம். இதில் முதலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

வெள்ளிக்காக உருக்கிய படங்கள்

நம் படம் மட்டும்தான் காணாமற்போயிற்று என்று நினைக்க வேண்டாம். தென்னாட்டின் முதல் ஊமைப்படமான, நடராஜ முதலியார் எடுத்த 'கீசகவதம்' இன்று இல்லை. 1931ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இல்லை. அதே வருஷம் வந்த இந்தியாவின் முதல் பேசும்படம் 'ஆலம் ஆரா'வும் இல்லை.

அந்தக் காலத்துப் பிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும். நாளானால் பிசுபிசுத்துக் கெடும். அதில் வெள்ளிச் சத்து உண்டு. படம் ஓடி முடிந்ததும் பழைய பிலிமை எடைக்கு வாங்கி, உருக்கி வெள்ளி எடுத்தார்கள். ஒரு ஜனசமூகத்தின் முகமும் குரலும் பழைய இரும்புக் கடைச் சரக்குபோல எடைக்குப் போயிற்று.

சர்க்கார் புனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை ஆரம்பித்ததே 1964ல்தான். முதல் இந்தியக் கதைப்படம் வந்து 51 வருஷம் ஆனபிறகு! அங்கே பி.கே. நாயர் என்று ஒருவர் இருந்தார். 1965ல் வேலைக்குச் சேர்ந்து 1991ல் ஓய்வுபெறும்வரை ஊர் ஊராகப் போய், வீடு வீடாகத் தட்டி, ரீல் ரீலாகப் படம் சேர்த்தவர். பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா', 'காளிய மர்த்தன்' படங்களில் மிச்சமிருந்தவற்றைச் சேர்த்துக் காப்பாற்றியவர். 2016ல் காலமானார். நல்ல படம், கெட்ட படம் என்று அவர் பேதம் பார்க்கவில்லை. எது வேண்டும் என்பதை நாளைய ஜனங்கள் தீர்மானிக்கட்டும், இன்றைக்கு நம் வேலை காப்பாற்றுவது என்று வேலை செய்தார்.

பிரான்சில் ஹென்றி லாங்லுவா என்று ஒருவர். 1936ல் நண்பர்களோடு சேர்ந்து பாரிசில் ஒரு படக்காப்பகத்தை உண்டாக்கினார். ஹிட்லர் படை பாரிசைப் பிடித்தபோது படப்பெட்டிகளை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். அவர் சேர்த்ததோடு நிற்கவில்லை, காட்டிக்கொண்டே இருந்தார். அங்கே உட்கார்ந்து படம் பார்த்த இளைஞர்கள் பிற்காலத்தில் பிரெஞ்சு சினிமாவின் போக்கையே மாற்றினார்கள். பூட்டிவைத்த படம் விதைநெல்லைப் பானையில் போட்டு மண்ணில் புதைத்த மாதிரி. விதைத்தால்தான் பயிர்.

டெக்கு வந்த காலம்

நாயரும் லாங்லுவாவும் பெரிய ஸ்தாபனத்தில் இருந்தவர்கள். உங்களையும் என்னையும் போன்றவர்கள் படம் சேர்ப்பது எப்படிச் சாத்தியமாயிற்று?

சினிமாப் பிரதி என்றால் அந்தக் காலத்தில் பத்துப் பதினைந்து ரீல். ஆள் வைத்துத் தூக்க வேண்டும். காட்டுவதற்குப் பெரிய எந்திரமும் கொட்டகையும் வேண்டும். பணக்காரனைத் தவிர வேறு யாரும் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது. 1976ல் ஜப்பானில் வி.எச்.எஸ். என்ற வீடியோ நாடா வந்தது. இரண்டு மூன்று மணி நேரப் படம் ஒரு செங்கல் அளவுப் பெட்டிக்குள் அடங்கிற்று. 1982ல் டில்லியில் ஆசிய விளையாட்டு நடந்த சமயம் நம் நாட்டுக்குக் கலர் டெலிவிஷன் வந்தது. அதன் பின்னாலேயே வீடியோவும் ஊர் ஊராக நுழைந்தது.

நம் பக்கத்தில் அதற்கு 'டெக்கு' என்று பெயர். டி.வி.யும் டெக்கும் ஒரு ராத்திரி வாடகை, மூன்று படம், விடிய விடியப் பார்ப்பது. நான் வல்லம் பக்கத்து கிராமத்தில் சிறுபிள்ளை. ஊர்த்தெருவில் டெக்கு போட்டால், காலனிப் பிள்ளைகளான நாங்கள் தூரத்தில் வேலியோரம் நின்று பார்க்க வேண்டும். பெட்டி சின்னது. எங்களுக்குத் தெரிவது ஒரு வெளிச்சம்தான். சத்தத்தைக் கேட்டுத்தான் கதை தெரிந்துகொள்வோம்.

ஒரு பொங்கலுக்குக் காலனிக்காரர்களே வீட்டுக்கு இரண்டு ரூபாய் போட்டு டெக்கு எடுத்துவந்தார்கள். அன்றைக்குத்தான் நான் முன்வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்தேன். என் தாயார் ஒரு நெல்லுமூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தார். படத்தின் பெயர் மறந்துவிட்டது. முன்வரிசை மறக்கவில்லை. நம் கையில் கருவி இருந்தால் நம் இடம் மாறுகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதற்குச் சித்தாந்தப் பெயர் பிற்பாடுதான் தெரிந்தது.

அப்புறம் வி.சி.டி. வந்தது, டி.வி.டி. வந்தது. கட்சி வேலையாகச் சென்னைக்குப் போகிறபோதெல்லாம், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் பிழைப்புக்காக அமைத்த பர்மா பஜாரில் சுற்றுவேன். சாப்பாட்டுக் காசில் ஒரு தகடு. பெரிய சினிமா டைரக்டர்களும் அங்கே வெளிநாட்டுப் படம் தேடி நிற்பார்கள் என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். பலவும் கள்ளப் பிரதிதான். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. முறையாகக் கிடைப்பதை முறையாக வாங்குவதே சரி. ஆனால் செஞ்சியில் இருக்கும் ஒருவனுக்கு அந்தப் படங்களைப் பார்க்க அன்று வேறு வழி எதையும் யாரும் திறந்துவைக்கவில்லை என்பதும் உண்மை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டாதவன். படத்தின் அடியில் ஓடும் இங்கிலீஷ் எழுத்தை, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் படிப்பேன். ஒரு படம் முடிய மூன்று ராத்திரி ஆகும். அப்படிப் படித்ததால்தான் பிறருக்குச் சொல்ல முடிந்தது.

அயல்நாட்டுப் படம் நமக்கு எதற்கு?

இப்படி ஒரு கேள்வி வரும். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

இத்தாலியில் 1948ல் டி சிகா என்பவர் 'சைக்கிள் திருடர்கள்' என்ற படத்தை எடுத்தார். கதாநாயகனாக நடித்தவர் உண்மையிலேயே ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. அந்தப் படம் 1952ல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அதைப் பார்த்த பிமல் ராய், மறுவருஷமே 'தோ பீகா ஜமீன்' எடுத்தார். இரண்டு பீகா நிலத்தைக் காப்பாற்ற, கடனை அடைக்கப் பணம் சம்பாதிக்கலாம் என்று கல்கத்தா போய் ரிக்‌ஷா இழுக்கிறான் ஒரு குடியானவன். திரும்பி வரும்போது அவன் நிலத்தில் ஆலை எழும்பிக்கொண்டிருக்கிறது. ஒரு பிடி மண் எடுக்கப் போனால் காவல்காரன் தடுக்கிறான். கல்கத்தாவில் சத்யஜித் ராய் 1955ல் 'பதேர் பாஞ்சாலி' எடுத்ததற்கும், லண்டனில் அவர் பார்த்த அந்த இத்தாலிப் படம் ஒரு தூண்டுதல். எங்கேயோ ரோமாபுரியில் ஒருவன் சைக்கிளைத் தொலைத்தான். நம் நாட்டுச் சினிமாவுக்குக் கண் திறந்தது.

1936ல் சார்லி சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' வெளிவந்தது. எந்திரத்தின் வேகத்தை முதலாளி ஏற்றிக்கொண்டே போகிறான். திருகு முறுக்குகிற தொழிலாளிக்குப் புத்தி பேதலிக்கிறது. அதே 1936 ஜூலை 30ந் தேதி, இங்கிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடக்கூடிய புதுச்சேரியில், பஞ்சாலைத் தொழிலாளர்கள்மேல் பிரெஞ்சு ஏகாதிபத்தியம் சுட்டது. 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். அடுத்த வருஷம் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. சாப்ளினுக்குப் புதுச்சேரி தெரியாது. புதுச்சேரித் தொழிலாளிக்குச் சாப்ளினைத் தெரியவைத்தால் போதும், விளக்கமே வேண்டாம். போன வருஷம் இதே படத்தை நாம் காட்டியபோது, மூடிப்போன புதுவை மில் ஒன்றில் முப்பது வருஷம் நெய்த பெரியவர் ஒருவர், எல்லோரும் சிரித்த இடத்தில் அழுதார். ஏன் என்று கேட்டேன். "எனக்கும் ராத்திரித் தூக்கத்துல கை தானா ஆடும் தம்பி" என்றார்.

ஒரு விவாதம்

படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடாமல், உட்கார்ந்து பேசுவது என்று ஒரு வழக்கம் நம்மிடம் உண்டு. அது எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன்.

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் நம் சங்க அலுவலகத்தில் 'சைக்கிள் திருடர்கள்' போட்டோம். முப்பது பேர் இருப்பார்கள். படத்தில் அந்தோனியோ என்பவனுக்குப் போஸ்டர் ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகில். அவன் மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறாள். முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போகிறது. அப்பனும் சிறு பிள்ளையும் ரோமாபுரி முழுக்கத் தேடுகிறார்கள். கடைசியில் அவனே ஒரு சைக்கிளைத் திருடப் போய்ப் பிடிபடுகிறான். பிள்ளை பார்க்கப் பார்க்க அவனை அடிக்கிறார்கள். அழுதுகொண்டே பிள்ளை அப்பன் கையைப் பிடித்துக்கொள்கிறது. படம் முடிகிறது.

நான் எழுந்து, வேலையில்லாத் திண்டாட்டம் பற்றிப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தேன். நடவு வேலை செய்யும் ஒரு அம்மா கையை உயர்த்தினார்.

"தோழரு, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்கக் கூடாது. அவன் சைக்கிளு போச்சேன்னு ஓடியாறான். அங்க ஒரு கூட்டம் நடக்குது. ஒருத்தர் நின்னு வேலையப் பத்தித்தான் பேசறாரு. இவன் கூட்டாளியத் தேடி வாயத் தொறந்தா, சத்தம் போடாதேன்னு அடக்கறாங்க. அது நம்ம மாதிரி சங்கந்தானே?"

"ஆமாம் அம்மா."

"வேலையப் பத்திப் பேசறவங்க, வேல போவுதேன்னு வந்தவன ஏன் பேசாதேன்னாங்க?"

அறையில் சத்தமே இல்லை. என்னிடம் பதில் இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் கூலிப் பாக்கி என்று வந்த ஒரு பெண்ணை, "கூட்டம் முடியட்டும், அப்புறம் வா" என்று நான் வாசலில் நிறுத்தியிருந்தேன். அந்தப் பெண் காத்திருந்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைய படத்துக்கு அவளும் வந்திருந்தாள்; மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

நான் இருபது வகுப்பு நடத்தினாலும் இந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டிருக்கமாட்டேன். அதற்கடுத்த வாரத்திலிருந்து எந்தக் கூட்டமானாலும் முதல் அரை மணி நேரம் வந்தவர்கள் குறையைக் கேட்பது என்று ஏற்பாடு செய்தோம். இன்றுவரை அது நடக்கிறது. இத்தாலிப் படத்தால் நமக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டவர்களுக்கு இதுதான் என் பதில்.

படிக்கத் தெரியாதவர்கள் வெளிநாட்டுப் படம் எப்படிப் பார்ப்பது என்று தயங்க வேண்டாம். ஊமைப்படக் காலத்தில் நம் நாட்டுக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். அதே மாதிரி நம் தோழர் ஒருவர் ஒலிபெருக்கியில் வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். இன்றைக்கும் அப்படித்தான். பேசும்போது நான்கு விதிகள். ஒரு நாளைக்கு ஒரே படம். முதலில் பெண்கள் பேச வேண்டும். தலைவர் கடைசியில் பேச வேண்டும். "பிடிக்கவில்லை" என்று சொன்னவரை யாரும் கேலி செய்யக் கூடாது.

நான் செய்த தவறு

மற்றவர்கள் காப்பாற்றவில்லை என்று இதுவரை பேசினேன். இனி என் கணக்கைச் சொல்ல வேண்டும்.

1990களில் நம் பகுதி விவசாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு ஒரு ஊர்வலம் நடத்தினார்கள். கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு தம்பி அதைக் காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தார். ஒரு மணி நேரக் கேசட். அதில் இன்று நம்மிடையே இல்லாத பல தோழர்களின் முகம் இருந்தது. முன்வரிசையில் கொடி பிடித்து நடந்தவர்களின் குரல் இருந்தது. அந்தக் கேசட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள்.

பிரதி எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மாநாடு வந்தது, தேர்தல் வந்தது, மறியல் வந்தது. கேசட் அலுவலக மூலையில், ஓட்டுக்கூரை ஒழுகுகிற இடத்தில், ஒரு காலி யூரியா சாக்குக்கு மேல் இருந்தது. ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்துப் பார்த்தேன். நாடா முழுக்க வெள்ளை பூஞ்சணம். விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் கொண்டு ஓடினேன். ஒன்றும் தேறவில்லை.

அந்த ஊர்வலத்தில் நடந்த ஒரு தோழரின் மகள், தன் கல்யாணத்துக்கு முன்னால் வந்து கேட்டாள். "அப்பா அதுல பேசறாராம், ஒருதரம் காட்டுங்க" என்றாள். அவளிடம் நான் என்ன சொல்லமுடியும்? 'பாதை தெரியுது பார்' எப்படிக் காணாமற்போயிற்று என்று ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தவன், அதே காரியத்தை என் கையாலேயே செய்திருந்தேன். ஒன்றே ஒன்று இருந்தது. ஒரே இடத்தில் இருந்தது. பொறுப்பு ஒரே ஆளிடம் இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் எதுவும் அழியும்.

ஆகவே சில காரியங்களைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீடுகளில் கல்யாணக் கேசட் இருக்கும், சங்க விழாக் கேசட் இருக்கும், பழைய படத் தகடுகள் இருக்கும். கேசட்டைப் படுக்கப் போடாதீர்கள். புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். ஈரமும் வெயிலும் படக் கூடாது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதிலுள்ள காந்தம் நாடாவைக் கெடுக்கும். பூஞ்சணம் பிடித்ததை எந்திரத்தில் போடாதீர்கள். அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். தகட்டை ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். வீட்டிலே பதிவுசெய்த தகடு வருஷமானால் தானே மங்கும். அதை நம்பியிருக்கக் கூடாது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்து, இரண்டு டிஸ்குகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள்.

காலம் தாழ்த்தவும் கூடாது. வி.எச்.எஸ். எந்திரம் செய்துவந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் புனாய், 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. இருக்கிற டெக்குகள் தேய்ந்துவிட்டால் கேசட் வெறும் பிளாஸ்டிக் பெட்டிதான்.

"கைபேசியில்தான் எல்லாப் படமும் வருகிறதே, எதற்கு இந்தப் பாடு?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது வாடகை வீடு. சந்தா கட்டுகிறவரைக்கும் குடியிருக்கலாம். எந்தப் படத்தை வைப்பது, எதை எடுப்பது என்று தீர்மானிக்கிறவன் கம்பெனிக்காரன். தகடு வாடகைக்கு அனுப்பியே வளர்ந்த நெட்பிளிக்ஸ், 2023 செப்டம்பரில் அந்தத் தகடு வியாபாரத்தையே மூடிவிட்டது. கைபேசியில் பார்ப்பவன் தனியாகப் பார்க்கிறான். கேள்வி கேட்க அந்த நடவு அம்மா பக்கத்தில் இருக்கமாட்டார்.

இன்றைய படம்

இன்று காட்டப்போவது 'பூமியின் உப்பு'. 1954ல் அமெரிக்காவில் வெளியானது. நியூ மெக்சிகோவில் துத்தநாகச் சுரங்கத் தொழிலாளர்கள் 1950ல் தொடங்கி 1952வரை நடத்திய வேலைநிறுத்தத்தின் கதை. ஆண்கள் மறியல் செய்யக் கூடாது என்று கோர்ட்டு தடை போடுகிறது. தடை தொழிலாளர்களுக்குத்தானே, எங்களுக்கு இல்லையே என்று அவர்களுடைய மனைவிமார் மறியலில் இறங்குகிறார்கள். வீட்டில் ஆண்கள் விறகு பிளக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். மிச்சத்தைத் திரையில் பாருங்கள். ஆண் தோழர்கள் பாதியில் எழுந்து போகக் கூடாது!

இயக்குநர் ஹெர்பர்ட் பைபர்மன், கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தில் விசாரணைக் கமிட்டிக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறை சென்றவர். கதாநாயகியைத் தவிர, நடித்தவர்களில் பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தினருமே. கதாநாயகனாக நடித்த ஹுவான் சாக்கோன் அந்தச் சங்கத்தின் தலைவர். கதாநாயகி ரொசோரா ரெவுவெல்தாஸைப் படம் முடிவதற்கு முன்பே கைதுசெய்து மெக்சிகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிலிம் கழுவ லாபரட்டரிகள் மறுத்தன. காட்டக் கொட்டகைகள் மறுத்தன.

அப்படியும் இந்தப் படம் அழியவில்லை. ஏன்? தொழிற்சங்கங்களும் மாணவர்களும் பெண்கள் அமைப்புகளும் சின்னப் பிலிம் பிரதிகளை வைத்துக்கொண்டு சங்கக் கூடங்களில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். 1992ல் அதே அமெரிக்க சர்க்காரே, பாதுகாக்கப்பட வேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் இதைச் சேர்க்கவேண்டி வந்தது. சுரங்கத் தொழிலாளியின் படம் பல கைகளில் இருந்ததால் பிழைத்தது. நம் படம் யார் கையிலும் இல்லாததால் போயிற்று. இரண்டுக்கும் இதுதான் வித்தியாசம்.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, இந்தப் பெட்டி இனி என் வீட்டில் இருக்காது. சங்கக் கூடத்தில் இருக்கும். மூன்று பேர் பொறுப்பு; அதில் ஒருவர் பெண். யார் வேண்டுமானாலும் எழுதிவைத்துவிட்டு எடுத்துப் போகலாம், திருப்பித் தரவேண்டும். இரண்டு, உங்கள் வீட்டுப் பரணில், பழைய தோழர் வீட்டுப் பரணில், மூடிப்போன கொட்டகைக்காரர் வீட்டுப் பரணில் கேசட்டோ பிலிம் சுருளோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். கொண்டுவந்து காட்டுங்கள். யார் கண்டது, 'பாதை தெரியுது பார்' எங்கேயாவது ஒரு தகரப் பெட்டிக்குள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பேச்சு போதும். விளக்கை அணையுங்கள் தோழர்களே, படத்தைப் பார்ப்போம். பார்த்த பிறகு யாரும் எழுந்திருக்க வேண்டாம். முதலில் தாய்மார்கள் பேசட்டும்.